பேணிக்குள் என்ன இருக்கிறது? சத்துப்பொருட்களும் அவற்றின் விற்பனையும்



கடந்த ஆண்டு தீவுப்பகுதிக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்தில் "இலவச உடற்பரிசோதனை" நடைபெறும் என்று ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். அன்று காலை வேறொரு அலுவலாக அவ்வழியே போன நான் சனக்கூட்டத்தைக் கண்டு உள்ளே நுழைந்தேன். வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போன்றவர்கள்தான். 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊரைவிட்டு ஓடி, வலிகாமம், தென்மராட்சி, வன்னி என்று அலைந்து, பாதி வாழ்க்கை கழிந்த பின்னர் திரும்பி வந்தவர்கள். சிலர் இன்னும் சொந்தக் காணிக்கு வராமல் பிறர் வளவில் குடியிருப்பவர்கள்.

மேசையில் ஒரு மடிக்கணினி, அதனோடு வயரால் தொடுத்த ஒரு சிறிய உலோகத் தடி. தடியை உள்ளங்கையில் ஒரு நிமிடம் பிடித்திருந்தால் போதும். உடலில் எந்தச் சத்துக் குறைவு, எந்த உறுப்புப் பலவீனம் என்று இரண்டு பக்கத்தில் அச்சிட்டுத் தருவார்கள். பரிசோதனை இலவசம். ஆனால் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனால் அங்கே போத்தல்கள் அடுக்கியிருந்தன.

வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் ஒரு தாய் எனக்கு முன்னே நின்றார். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். அவருக்குக் கல்சியம் குறைவு, ஈரல் பலவீனம், இரத்தத்தில் நஞ்சு என்று தாளில் வந்திருந்தது. மூன்று போத்தல் குளிசை வாங்கினார். பின்னர் கணக்குப் பார்த்தபோது அது அவருடைய பதினொரு நாள் கூலி. கிணறு இறைக்க மாரிக்கு முன்னர் பழைய பம்பியைத் திருத்துவதற்கென்று சீட்டுப் பிடித்து எடுத்த காசு அது. "அம்மா, இதை நம்பலாமோ?" என்று கேட்டேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "பாதர், கொம்பியூட்டர் பொய் சொல்லுமே?"

என்னோடு வந்த இளைஞர் ஒருவர் தடியைப் பிடித்தார். வயது 24 என்று பதிந்தார்கள். இரும்புச்சத்துக் குறைவு என்று வந்தது. அரை மணித்தியாலம் கழித்து, வேறொருவர் மேசையில் இருந்தபோது மீண்டும் போய் வயது 61 என்றார். இம்முறை இரும்புச்சத்துக்குக் குறைவில்லை. மூட்டுத் தேய்வும் இருதய அடைப்பும் வந்துவிட்டன. (பொய் சொன்னது பிழைதான். அதை அவர் என்னிடம் தனியாக ஒப்புக்கொண்டார்.)

இரத்தத்தில் இரும்பு போதுமா என்று அறிய இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஈமோகுளோபின் என்ற பொருளின் அளவு கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் இரத்தச்சோகை என்பார்கள். உள்ளங்கையில் பிடிக்கும் தடி மிஞ்சினால் தோலினூடாக மின்சாரம் எவ்வளவு செல்கிறது என்பதைத்தான் அறியும். அது கை வியர்த்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மற்றவை எல்லாம் கணினிக்குள் முன்கூட்டியே எழுதி வைத்த வசனங்கள். ஆகவே அந்தத் தாயின் கேள்விக்கு விடை: கொம்பியூட்டர் தானாகப் பொய் சொல்லாது, எழுதிக் கொடுத்தவர் சொன்னதைச் சொல்லும்.

இந்தப் பாடத்தை எழுதத் தூண்டியது அந்தக் கேள்வியே. ஆனால் சத்துப்பொருள் எல்லாம் ஏமாற்று என்று சொல்லி முடித்துவிட்டால் அதுவும் பொய்யாகிவிடும். முதலில் உண்மையான பக்கத்தைப் பார்ப்போம்.

புழுங்கலரிசி சொன்ன பாடம்

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஆசிய நாடுகளில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, நடக்க முடியாமற் போய், உடம்பு வீங்கி, இருதயம் நின்றுவிடும். கிருமியால் வருகிறது என்று பலர் நினைத்தார்கள். 1890களில் யாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் அவை எழுந்து நடப்பதையும் கண்டார்.

அதன் பிறகு மலாயாவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே தகரச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இந்நோயால் மடிந்தார்கள். தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களுக்கோ அது பெரும்பாலும் வரவில்லை. அதே நாடு, அதே வெயில், அதே வறுமை. வேறுபாடு சோற்றில் இருந்தது. சீனர் தீட்டிய பச்சையரிசி சாப்பிட்டார்கள். தமிழர் புழுங்கலரிசி சாப்பிட்டார்கள். பிரடன் என்ற வைத்தியர் இதை 1907இல் நூலாகவே எழுதினார். அதையொட்டி பிரேசர், ஸ்ரான்ரன் என்ற இருவர் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் வீதி போட வந்த சுமார் 300 யாவானியத் தொழிலாளரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெள்ளை அரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசி தின்றவர்களுக்கு நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற சத்தின் ஒரு பகுதி அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு குற்றினாலும் தீட்டினாலும் அது முற்றாகப் போவதில்லை. நமது பாட்டிமாருக்குத் தயமின் என்ற சொல் தெரியாது. கிடாரத்தில் நெல் அவிக்கத் தெரியும். இப்படிப்பட்ட பொருட்களுக்கு 1912இல் கசிமிர் ஃபங்க் என்ற அறிஞர் விற்றமின் என்று பெயர் வைத்தார். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அவித்த பாட்டிமாருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இதிலிருந்து இரண்டு விடயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படும் சத்துக்கள் உண்டு. அவை இல்லாவிட்டால் நோய் வரும், கொடுத்தால் மாறும். இது மெய். ஆனால் அந்தச் சத்து குறைவில்லாத ஒருவருக்கு அதையே இன்னும் இன்னும் கொடுப்பதால் இரட்டிப்புப் பலம் வராது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்ப்பது போன்றது அது. சத்துப்பொருள் வியாபாரம் முழுவதும் இந்த இரண்டாவது விடயத்தை மறைத்து, முதலாவதை மட்டும் உரத்துச் சொல்வதிலேயே நடக்கிறது.

நமது நாட்டில் உண்மையான குறைநிரப்பல் எப்படி நடந்தது என்பதையும் பாருங்கள். கண்டக்கழலை நோயைத் தடுக்க 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. அதற்காக எவரும் உங்கள் படலையைத் தட்டவில்லை, பேணி விற்கவில்லை. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்பு, போலிக் அமிலம், கல்சியக் குளிசைகள் காசில்லாமல் கொடுக்கப்படுகின்றன. போலிக் அமிலம் கருவின் முதுகுத்தண்டு சரியாக உருவாக உதவுகிறது; அதனாற்றான் கரு உண்டாகும் முன்னரே அதைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

திரிபோஷாவை உங்களில் அறியாதவர் இருக்கமாட்டார்கள். 1973இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. சோளம், சோயா, பால்மா, அதோடு சேர்த்த உயிர்ச்சத்துக்களும் கனிப்பொருட்களும். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். 750 கிராம் பைக்கற்று ஒன்று, நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் ஒருவருக்குப் பதினைந்து நாளைக்கு என்று கணக்கிட்டுக் கொடுப்பது. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்த காலத்தில் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து அம்மா உருண்டை பிடித்துத் தந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எடை குறைந்தவள் என் தங்கை ஒருத்திதான். தின்றவர்கள் நாங்கள் நால்வர். கிளினிக்கில் கேட்டால் அம்மா தலையைக் குனிந்துகொள்வார். எத்தனையோ வீடுகளில் இன்றும் இதே கதைதான். கொடுத்தும் எடை ஏறவில்லை என்று குடும்பநல உத்தியோகத்தர் கோபப்படும்போது அந்தத் தாய்மாரைக் குறைசொல்ல எனக்கு வாய் வருவதில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் திரிபோஷாவும் தட்டுப்பட்டது, பால்மா விலையும் ஏறியது. அந்த வெற்றிடத்தில் புதிய விற்பனைக்காரர் பலர் நுழைந்ததை நான் கண்டேன்.

முதலில் நோயை விற்பார்கள்

ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஒரு பேணி மால்ற் மாவும் முந்திரிகைப்பழமும் கொண்டுபோவது நமது மரபாகிவிட்டது. தடைக்காலத்தில் ஒரு பேணி வீட்டிற்கு வந்தால் அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுவோம். ஆகவே பேணிக்கு ஒரு மரியாதை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது?

ஹோர்லிக்ஸை எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ், வில்லியம் என்ற ஹோர்லிக் சகோதரர்கள் 1873இல் அமெரிக்காவில் தொடங்கிய தொழில் அது. முளைகட்டிய வாற்கோதுமை, கோதுமை, பால் ஆகியவற்றைக் காய்ச்சி உலர்த்திய மா. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் சமிக்க எளிதான உணவு என்றுதான் முதலில் விற்றார்கள். அதில் தவறில்லை. ஆனால் 1930களில் பிரித்தானியாவில் அதன் விளம்பரக்காரர் ஒரு புதிய நோயைக் கண்டுபிடித்தார்கள்: "இரவுப் பட்டினி". நித்திரையிலும் உடல் சத்தைச் செலவழிப்பதால் காலையில் களைப்பு வருகிறதாம். படுக்கும் முன் ஒரு கோப்பை குடித்தால் மாறுமாம். எந்த வைத்திய நூலிலும் இல்லாத நோய். காலையில் களைப்பில்லாத உழைப்பாளி உலகில் எங்கே இருக்கிறான்? எல்லோரும் தமக்கு அந்த நோய் இருப்பதாக நினைத்தார்கள், விற்பனை ஏறியது.

நமது சனசமூக நிலையத்துக்கு வந்த தடியும் அதே வேலையைத்தான் செய்தது. நோய் இல்லாதவன் மருந்து வாங்கமாட்டான். ஆகவே முதலில் நோயைக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. பிள்ளைகளை "உயரமாக, பலமாக, கூர்மையாக" ஆக்கும் என்று வங்காளதேசத்துக்கென்று தயாரித்த ஹோர்லிக்ஸ் விளம்பரம் ஒன்று தவறிப்போய் இங்கிலாந்தில் ஒரு தெற்காசியத் தொலைக்காட்சியில் ஓடியது. 2008இல் அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்புச் சபை, கூறியதை நிரூபிக்கவில்லை என்று அதைத் தடைசெய்தது. அக்காலத்தில் கொம்பிளான் விளம்பரத்துக்கும் அதே கதி. கம்பனி சொன்ன சமாதானம், அது அந்த நாட்டுக்காகச் செய்த விளம்பரம் அல்ல என்பது. இதை வாசித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. லண்டனில் வாழும் பிள்ளைக்குச் சொல்லக்கூடாத பொய்யை டாக்காவில் வாழும் பிள்ளைக்குச் சொல்லலாமா? பிள்ளையின் எலும்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதானே!

இந்தியாவில் 2023இல் போன்விற்றாவிலுள்ள சீனியின் அளவு பற்றிப் பெரும் வாதம் எழுந்தது. 2024 ஏப்ரலில் இந்திய அரசு இப்படியான பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பின் கீழ் இணையக் கடைகளில் விற்கக்கூடாது என்று அறிவித்தது. அந்நாட்டுச் சட்டத்தில் ஆரோக்கிய பானம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதுதான் காரணம். அதே மாதத்தில் ஹோர்லிக்ஸும் தன் வகைப்பெயரை மாற்றிக்கொண்டது. உள்ளே இருந்த மா மாறவில்லை.

சுட்டுத்துண்டை வாசிப்பது எப்படி?

பேணியின் முன்பக்கத்தை வாசிக்க வேண்டாம். அது விளம்பரம். பேணியைத் திருப்பி, சிறிய எழுத்தில் "அடங்கியுள்ளவை" என்றிருப்பதைத் தேடுங்கள். கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். எது நிறையில் கூடவோ அது முதலில் வரும். மிகக் குறைந்தது கடைசியில் வரும். முதல் மூன்று சொற்களுக்குள் சீனி இருந்தால் நீங்கள் வாங்குவது சீனி கலந்த தானிய மா. சீனிக்குப் பல பெயர் உண்டு: குளுக்கோசு, மோல்ற்றோடெக்ஸ்றின், சோளப்பாகு எல்லாம் அந்தக் குடும்பத்தையோ அதற்கு நெருங்கிய உறவையோ சேர்ந்தவை.

"இருபத்துமூன்று சத்துக்கள்", "முப்பத்துநான்கு சத்துக்கள்" என்று எண்ணிக்கை சொல்வார்கள். உயிர்ச்சத்துக்களையும் கனிப்பொருட்களையும் தூளாகக் கலந்து வாங்கி மாவில் தூவுவது கம்பனிக்குச் சிறிய செலவு. எண்ணிக்கை பெரிதாயிருப்பது அளவு பெரிது என்பதாகாது. பிள்ளை குடிக்கும் ஒரு கோப்பைக்கு எவ்வளவு என்பதே கேள்வி. அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு: சில பேணிகளில் "பாலுடன் கலந்தபோது" என்று கணக்குக் காட்டியிருப்பார்கள். அதில் பாதிக்கு மேற்பட்ட சத்து மாட்டினுடையது; புகழ் பேணிக்கு.

புரதத்தை வைத்து நாமே ஒரு கணக்குப் பார்ப்போம். மால்ற் மா இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 27 கிராம். அதில் புரதம் சுமார் 3 கிராம். ஒரு கோழிமுட்டையில் சுமார் 6 கிராம். ஒரு பிடி பாசிப்பயற்றில், அதாவது 30 கிராமில், சுமார் 7 கிராம். நெத்தலிக் கருவாட்டில் அதைவிட இன்னும் கூட. உங்கள் ஊர்ச் சங்கக் கடை விலையை இந்த நான்கிற்கும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விடையை நான் சொல்லப்போவதில்லை.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இவற்றில் எதுவும் வேண்டாம், தாய்ப்பால் மட்டும். ஏழை நாடுகளில் பால்மா விற்ற முறையை எதிர்த்து 1977இல் உலகப் புகழ்பெற்ற பகிஷ்கரிப்பு ஒன்று தொடங்கியது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் விற்பனைக் கோவை ஒன்றை ஏற்றுக்கொண்டது. இலங்கை 1983இலேயே தனக்கென ஒரு கோவையை வகுத்தது. 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலகத்தில் உயர்ந்த வீதங்களில் ஒன்று இது. விளம்பரத்தைக் கட்டுப்படுத்தினால் பயனுண்டு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

விற்பவர் உங்கள் மச்சாள்

கடையில் விற்பது ஒரு முறை. இன்னொரு முறை இப்போது தீவுப்பகுதிக்கும் வந்துவிட்டது. இதில் விற்பவர் அந்நியர் அல்ல. மச்சாள், சித்தப்பாவின் மகன், வன்னி முகாமில் பக்கத்துத் தறப்பாளுக்குள் இருந்தவர். "நீங்களும் சேருங்கோ, குளிசையும் கிடைக்கும், வருமானமும் வரும்" என்பார்கள். சேர்வதற்கு முதலில் ஒரு தொகைக்குப் பொருள் வாங்க வேண்டும். பிறகு உங்களுக்குக் கீழே ஆட்களைச் சேர்த்தால் அவர்கள் வாங்குவதில் உங்களுக்குக் கொமிசன்.

இந்த முறையே சத்துக்குளிசையோடு பிறந்ததுதான். கலிபோர்னியாவில் கார்ல் ரேன்போர்க் என்பவர் 1934 அளவில் தொடங்கிய சத்துக்குளிசைத் தொழில் பின்னர் நியூற்றிலைற் என்று பெயர் பெற்றது. 1945இல் அதை விற்க இருவர் இந்தப் படிமுறைக் கொமிசன் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குளிசையை விற்றுப் பழகிய வேறு இருவர்தான் 1959இல் ஆம்வே நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1980இல் தொடங்கிய ஹேர்பலைஃப் நிறுவனம் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுடன் செய்த இணக்கத்தின்படி 200 மில்லியன் டொலர் செலுத்தியது. வருமானம் பற்றி விற்பனையாளருக்குத் தவறான எண்ணத்தை ஊட்டியது என்பது ஆணைக்குழுவின் குற்றச்சாட்டு.

கணக்கைப் பாருங்கள். நீங்கள் ஐந்து பேரைச் சேர்க்கிறீர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து பேர்: 25. பிறகு 125. பிறகு 625. பிறகு 3,125. உங்களையும் சேர்த்து எல்லாமாக 3,906 பேர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நெடுந்தீவின் மொத்தச் சனத்தொகை நாலாயிரத்துக்குக் கிட்ட. அதாவது ஐந்தாவது சுற்றில் நெடுந்தீவில் தொட்டிற் பிள்ளை முதல் பொல்லூன்றும் கிழவர் வரை எல்லோரும் விற்பனையாளர். வாங்குவதற்கு குதிரைகள்தான் மிச்சம். கடைசியாகச் சேர்ந்த 3,125 பேர் போட்ட காசை எவரிடமிருந்து எடுப்பார்கள்?

ஆட்சேர்ப்பிலேயே வருமானம் தங்கியுள்ள இத்தகைய பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கித்தொழிற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. மத்திய வங்கி இதுபற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. பொருள் ஒன்றைக் கையில் தருவதால் மட்டும் அது சட்டப்படியான வியாபாரம் ஆகிவிடாது. காசு இழப்பதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. போரில் வீடு போனது, மாடு போனது, தோணி போனது; எஞ்சியது உறவு ஒன்றுதான். குளிசைக் காசுக்காக இரண்டு சகோதரிகள் கதைக்காமல் விட்ட வீடு ஒன்றை எனக்குத் தெரியும்.

"இயற்கையானது, பக்கவிளைவு இல்லை"

2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணி ஒன்று கொரோனாவைத் தடுக்கும் என்றார். ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சரே பகிரங்கமாக அதைக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானது. இதை நான் பரிகாசத்துக்காகச் சொல்லவில்லை. பயம் வந்தால் படித்தவரும் பாமரரும் ஒரே வரிசையில் நிற்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வரிசையே நோய் பரவும் இடமாகவும் இருந்தது.

இயற்கை என்பதால் தீங்கில்லை என்று கொள்ள முடியாது. அலரி விதையும் இயற்கைதான். அதைவிட மோசம், மூலிகை என்று பெயரிட்டு உள்ளே மருந்துக்கடைச் சரக்கைக் கலப்பது. மூட்டுவலிக் குளிசையில் ஸ்ரெரொயிட், உடல் மெலியும் தூளில் தடைசெய்யப்பட்ட மருந்து என்று பல நாடுகளில் பரிசோதனைச்சாலைகள் கண்டுபிடித்திருக்கின்றன. குடித்த மறுநாளே வலி பறந்தால் மகிழ்ச்சியோடு சந்தேகமும் வரவேண்டும். நீரிழிவுக்காரர் இதை நம்பி ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திக் கால் இழந்தால் திருப்பித் தருவது யார்?

"அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது" என்று போத்தலில் இருந்தால் மயங்கவேண்டாம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவிலேயே சத்துப்பொருட்களை விற்கமுன் அந்த நிறுவனத்தின் அனுமதி பெறத் தேவையில்லை.

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அன்போடு வரும் பெட்டிகளிலும் கவனம் தேவை. காலாவதித் திகதியைப் பாருங்கள். உயிர்ச்சத்து ஏ அதிகமுள்ள குளிசைகள் கருவிலுள்ள சிசுவைப் பழுதாக்கக்கூடும். கர்ப்பிணிகள் கிளினிக்கில் காட்டாமல் எதையும் விழுங்கக்கூடாது. இரும்புக் குளிசையைச் சிறுவர் இனிப்பென்று பல எண்ணி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உயரத்தில் வையுங்கள். இன்னொரு வேடிக்கை: அந்த ஊர்க் கடைகளில் முருங்கையிலைத் தூளைக் குளிசையாக அடைத்து விற்கிறார்கள். இங்கே வேலியில் நிற்கிறது, ஆடு தின்கிறது.

நம் வளவில் இருப்பது

இதை நீங்கள் எனக்குப் படிப்பிக்க வேண்டியது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். குரக்கன் அல்லது வறுத்த புழுங்கலரிசி நாலு பங்கு, பயறு அல்லது உழுந்து இரண்டு பங்கு, கச்சான் அல்லது எள் ஒரு பங்கு. தனித்தனியே வறுத்து இடித்து அரித்தால் ஆறு மாதம் கடந்த பிள்ளைக்குச் சத்துமா. தானியத்தின் புரதத்தில் உள்ள குறையைப் பயற்றினம் நிரப்புகிறது. பயற்றினத்தின் குறையைத் தானியம் நிரப்புகிறது. பூஞ்சணம் பிடித்த கச்சானையும் சோளத்தையும் இரக்கமின்றி எறியுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முற்றாக நீங்காது. கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது சேராது. ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். மாமிசம், மீன், முட்டை, பால் எதுவும் தொடாதவர்களுக்கு மட்டும் பி12 என்ற சத்து வளவிலிருந்து கிடைக்காது. அவர்கள் வைத்தியரிடம் கேட்டு எடுப்பது அவசியம்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பற்றுச்சீட்டையும் போத்தலையும் வைத்திருங்கள். பொய்யான சுட்டுத்துண்டும் பொய்யான விளம்பரமும் 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்படி குற்றம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். பாவனையாளர் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்கள் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கண்காணிப்பில் வருகின்றன. பற்றுச்சீட்டுத் தர மறுப்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

அந்த வெங்காயத் தோட்டத் தாயை இரண்டு கிழமை கழித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்று இரத்தம் சோதித்தோம். ஈமோகுளோபின் 9க்குக் கீழே. தடி சொன்ன கல்சியமும் இல்லை, ஈரலும் இல்லை. அது சொல்லாத இரத்தச்சோகைதான் அவரை நாளெல்லாம் களைக்க வைத்தது. பூச்சிக் குளிசையும் இரும்புக் குளிசையும் கொடுத்தார்கள், காசில்லாமல். அவர் வாங்கிய போத்தல்களின் சுட்டுத்துண்டில் இரும்பு என்ற சொல்லே இல்லை. மூன்றாவது போத்தல் இன்னும் மூடி திறக்காமல் அவர் வீட்டில் இருக்கிறது. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு நீங்களும் வீட்டிலுள்ள பேணி, போத்தல் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.